செல்லுக்குள் புள்ளிகள், சைஸ் வாரியாக

1

போன வாரம் மித்ராவின் மழலையர் பள்ளியில் ஒவ்வொரு குழந்தையையும் எழுப்பி, உன் அம்மா அப்பா என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு பையனின் அப்பா தீயணைப்பு வண்டி ஓட்டுகிறாராம். ஒரு பெண்ணின் அம்மா பல் பிடுங்குகிறாராம். என் ஐந்து வயது மகள் எழுந்து நின்று சுத்தமான ஜெர்மனில் சொன்னாளாம்: "எங்க அப்பா புள்ளி பிரிப்பார். அம்மா அதைப் பார்த்துக் கத்துவாங்க, அழுவாங்க, அப்புறம் சிரிப்பாங்க."

மாலையில் கூட்டிப்போகச் சென்றபோது ஆசிரியை என்னைத் தனியே அழைத்து, வீட்டில் எல்லாம் நலமா என்று மெல்லிய குரலில் கேட்டார். நான் என் ஜெர்மனில் பத்து நிமிடம் விளக்கினேன். டி.என்.ஏ, புரதம், கணவர், படுக்கை விரிப்பு எல்லாம் விளக்கத்தில் வந்தன. அவர் முகத்தில் கவலை கூடியதே தவிரக் குறையவில்லை. ஓர் ஆலோசனை மையத்தின் தொலைபேசி எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

மித்ரா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அது நடந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். அந்த ஆசிரியைக்கு என்னால் புரியவைக்க முடியவில்லை. நம் பனியன் ஊரில் இருக்கும் உங்களுக்குத் தமிழில் சொன்னால் புரியும் என்று நினைக்கிறேன். செக்கிங் டேபிள் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லையே!

2

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பெருமாநல்லூர்க்காரி. அப்பா ஒரு பனியன் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். கோயமுத்தூரில் எம்.எஸ்ஸி. முடித்த பிறகு கல்யாணம், பிறகு குழந்தை, அதன் பிறகு யாரும் எதிர்பாராமல் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகையோடு ஓர் இடம். கடிதம் வந்த அன்று நான்தான் அதிகமாகப் பயந்தேன். மித்ராவுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. "வேண்டாம்னு எழுதிப் போட்டுடட்டுங்களா?" என்று கணவரிடம் ஏழு தடவை கேட்டேன். ஏழாவது தடவை அவர், "அம்மிணி, நீ எட்டாவது வாட்டி கேக்கறதுக்குள்ள நான் கம்பெனில சொல்லி நின்னுக்கறேன்" என்றார். சொன்னபடியே செய்தார்.

அவருக்கு வெள்ளகோவில் பக்கம். பி.காம். படித்துவிட்டு, ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவு சூப்பர்வைசராக இருந்தார். இங்கே அவருடைய பாஸ்போர்ட்டில் ஒட்டிய தாளில் ஒரு வரி இருக்கிறது: வேலை செய்ய அனுமதி இல்லை. அதனால் சமையல், துணி, மித்ரா மூன்றும் அவர் பொறுப்பு. நாற்பது பெண்களை மேய்த்தவர் ஒரு குழந்தையிடம் படாத பாடு பட்டார்.

எனக்கு இங்கே முதலில் இடறியது மரியாதைதான். நம் ஊரில் எந்தச் சொல்லுக்குப் பின்னாலும் ஒரு 'ங்க' போட்டுவிட்டால் மனசு நிம்மதியாகிவிடும். ஜெர்மனில் அதை எங்கே ஒட்டுவது? தேடித்தேடி, 'தயவுசெய்து' என்று பொருள்படும் அவர்களுடைய 'பிட்டே'வைப் பிடித்துக்கொண்டேன். காலை வணக்கம் பிட்டே. மழை பெய்கிறது பிட்டே. ஆய்வகத்தில் இருந்த மார்த்தா ஒருநாள், "நீ மழையிடமும் கெஞ்சுகிறாயா?" என்று கேட்டாள். மகள் நேர்மாறு. ஜெர்மன் மொழியின் 'இல்லை'யோடு நம் ஊரைச் சேர்த்து, "நைன்ங்க!" என்பாள். பொம்மைகளோடு முழுக்க ஜெர்மன். எங்களோடு இப்படி ஒரு கலவை. அதைக் கேட்டுச் சிரிப்பதா, கவலைப்படுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டையும் செய்துவிடுகிறேன்.

3

இனி செல்லுக்குள் போகலாம். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன்னிடமுள்ள டி.என்.ஏ முழுவதையும் நகல் எடுத்துக்கொள்ளும். நான் வைத்திருப்பவை சுண்டெலியின் செல்கள். அவற்றுக்கு அந்த நகல் வேலை ஏறக்குறைய ஒரு ஷிப்ட்டும் கொஞ்சம் ஓவர்டைமும் ஆகும். வேலை ஒரே இடத்தில் நடப்பதில்லை. செல்லின் கருவுக்குள் நூற்றுக்கணக்கான இடங்களில் நடக்கும். அதற்கு வேண்டிய புரதங்கள் அந்தந்த இடத்தில் வந்து கூட வேண்டும். எப்படி வந்து கூடுகின்றன என்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் கேள்வி.

பி.சி.என்.ஏ என்று ஒரு புரதம் இருக்கிறது. மூன்று துண்டுகள் சேர்ந்து ஒரு வளையமாகி, டி.என்.ஏ இழையைச் சுற்றிப் பூட்டிக்கொள்ளும். நிட்டிங் மெஷினில் நூல் நுழைந்து வரும் பீங்கான் வளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே நூல் நிற்க, வளையம் அதன்மேல் நழுவிப் போகும். மற்றப் புரதங்களில் பலவற்றுக்கு ஒரு சின்னக் கொக்கி உண்டு. அந்தக் கொக்கியால் அவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும்.

முதல் கருத்தரங்கில் நான் இதைப் பேசும்போது, வளையம் ஒரு கம்பெனி வேன் மாதிரி புரதங்களை ஏற்றிக்கொண்டு வருகிறது என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் சிரித்து, வேன் எதுவும் கிடையாது, புரதங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், போகிற போக்கில் வளையத்தில் இடித்தால் கொஞ்ச நேரம் ஒட்டும், பிறகு மறுபடி சுற்றப் போய்விடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை போன் கார்டு போட்டுப் பேசும்போது இதை அப்பாவிடம் சொன்னேன்.

"கூப்புட ஆளே போறதில்லையா கண்ணு?"

"இல்லீங்கப்பா. அதுகளே சுத்தீட்டு இருக்கும்."

"நேரத்துக்கு வேலை நடந்துருதா?"

"டான்னு நடந்துருதுங்க."

"இதை எங்க மொதலாளிகிட்ட மட்டும் சொல்லீராத. என்னைய ஊட்டுக்கு அனுப்பீருவாரு."

என் பங்குக்கு ஒரு நொதியைக் கொடுத்திருந்தார்கள். டி.என்.ஏ மேல் சிறு சிறு குறிகள் உண்டு. பழைய இழையில் எங்கெங்கே குறி இருக்கிறதோ, அங்கெல்லாம் புது இழையிலும் குறி போடுவது இந்த நொதியின் வேலை. இதற்கும் கொக்கி இருக்கிறது. நான் அந்தக் கொக்கியை வெட்டிவிட்டு, நொதி நகலெடுக்கும் இடத்துக்கு வருகிறதா, வழிதெரியாமல் கரு முழுக்கப் பரவிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளையத்துக்குச் சிவப்பு ஒளி, நொதிக்குப் பச்சை ஒளி. மைக்ராஸ்கோப்பில் சிவப்புப் புள்ளி இருக்கும் இடத்தில் பச்சைப் புள்ளியும் இருந்தால் வந்துவிட்டது என்று பொருள். பச்சை எங்கும் மங்கலாகப் பரவியிருந்தால் வரவில்லை. சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

முதல் முறை எண்ணினேன். கொக்கி இல்லாத நொதி பெரும்பாலும் வந்திருந்தது. இரண்டாம் முறை அநேகமாக வரவே இல்லை. மூன்றாம் முறை பாதிக்குப் பாதி.

4

இந்த இடத்தில் என் குணத்தைச் சொல்ல வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள் நான். மூன்று விதமாக விடை வந்ததும், நான்தான் எங்கோ குழாய்களை மாற்றி வைத்துவிட்டேன் என்று உடனே முடிவு செய்தேன். எல்லாக் குழாய்களுக்கும் புதுச் சீட்டு ஒட்டினேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். வெட்டிய இடம் சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. விடை மட்டும் ஆடியது.

"உன் நொதி மனசு வந்தால் வேலைக்கு வருகிறது. அரசாங்க வேலையில் இருக்கிறதோ என்னவோ" என்றாள் மார்த்தா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருந்தது. என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதை நீட்டிக்க வேண்டும் என்று பேராசிரியர் எழுதித் தர வேண்டும். அந்தக் காகிதத்தைக் காட்டினால்தான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் மூவரின் விசாவும் நீளும். இல்லாவிட்டால் பாதி ஆராய்ச்சியோடு பெட்டி கட்ட வேண்டியதுதான். நிர்வாகத்துக்கு எழுத, அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த வாரப் புதன்கிழமை வரைதான் கெடு.

பேராசிரியர் நல்லவர். அதனாலேயே ஒளிக்காமல் சொன்னார்: "மூன்று முறையும் மூன்று விதமாக வரும் முடிவை நம்பி நான் எழுத முடியாது. எது கொக்கி உள்ளது, எது இல்லாதது என்று தெரியாத ஒருவர் எண்ணட்டும். அதைக் கொண்டுவா."

ஆய்வகத்தில் யாரைக் கேட்பது? நான் புலம்பிப் புலம்பி, எந்தப் படம் எது என்று எல்லாருக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. வெளியில் எனக்குத் தெரிந்தது இரண்டே பேர். அதில் ஒருத்திக்கு நாலு வயது.

5

பெண் பார்க்க வந்த அன்று இவர் என் முகத்தைப் பார்த்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. காபி கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, எங்கள் வீட்டு ஜன்னல் திரையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க ஒரு தையல் உட்டுப் போச்சுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். எங்கள் பெரியப்பா, "பொண்ணுல ஏதாச்சும் தையல் உட்டுருக்குதுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்க, வீடே சிரித்தது. இவர் காது சிவந்துபோனார். அந்தச் சிவப்புக்காகத்தான் சரி என்று சொன்னேன்.

அவருடைய கம்பெனிக்கு ஒரு தடவை மதியச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறேன். ட்யூப் லைட்டுக்குக் கீழே நீள நீளமான வெள்ளை டேபிள்கள். பெண்கள் டீ சர்ட்டைப் பிரித்து, உள்பக்கம், வெளிப்பக்கம், கழுத்து, கை என்று கண்ணால் ஓட்டி, பிழை இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். பாஸ் ஒரு பக்கம், ரிஜெக்ட் ஒரு பக்கம். ஒரு பக்கம் தென்காசித் தமிழ், ஒரு பக்கம் இந்தி. இவர் நடுவில் நடந்தபடியே ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "சைஸைக் கலக்காதீங்க அக்கா, சைஸைக் கலக்காதீங்க!" அன்றைக்கு எனக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் பட்டது.

6

வெள்ளிக்கிழமை நூற்றிருபது படங்களை அச்செடுத்தேன். ஒவ்வொரு தாளிலும் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை, ஒரே செல். பாதி கொக்கி உள்ளவை, பாதி கொக்கி வெட்டியவை. பின்பக்கம் ஓர் எண் மட்டும். எந்த எண் எது என்ற பட்டியல் என் கைப்பையில். சீட்டுக்கட்டு மாதிரி கலைத்தேன். போதாது என்று தோன்றி மறுபடி கலைத்தேன்.

சனிக்கிழமை காலை கணவர் தரையில் வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்து, மேசை விளக்கைக் கீழே இறக்கி வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். மூன்று வருடமாகப் பார்க்காத ஒரு மிடுக்கு வந்து சேர்ந்தது.

"என்ன பண்ணோணும், சொல்லு."

"செகப்புப் புள்ளி இருக்கற எடத்துலயே பச்சைப் புள்ளியும் இருந்தா ஒரு பக்கம் வைங்க. இல்லாட்டி இன்னொரு பக்கம். ரெண்டே குவியலுங்க. யோசிக்க வேண்டாம்."

"பாஸ், ரிஜெக்ட்."

"ஆமாங்க."

"நீ இங்க நிக்காத. உன்ற மூஞ்சியப் பாத்தாலே எது எதுன்னு தெரிஞ்சுரும்."

சமையலறைக்குப் போய்ச் சாம்பாருக்குப் பருப்பு வைத்தேன். அங்கே போனதும் புதுக் கவலை ஒன்று பிடித்துக்கொண்டது. பாஸ்போர்ட்டில் வேலை செய்ய அனுமதி இல்லை என்று போட்டிருக்கிறதே, படம் பிரிப்பது வேலையில் சேருமா? சம்பளம் இல்லை. ஆனால் மதியம் சோறு போடப் போகிறேனே, அது கூலியாகிவிடுமா? கதவிடுக்கில் தலையை நீட்டி, "ஏனுங்க, இது வேலையாகாதுங்களே?" என்றேன்.

"சாம்பாரைப் பாரு அம்மிணி."

ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், விரிப்பின்மேல் ஆறு குவியல்கள். மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு. மித்ரா ஓரமாக உட்கார்ந்து, காவல் காக்கிற மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது? ரெண்டு குவியல்னுதானுங்க சொன்னேன்!"

"சைஸ் வாரியாப் பிரிக்காம எப்படிச் செக் பண்றது?"

"எதுங்க சைஸு?"

"பாரு. இந்த வரிசைல செகப்புப் புள்ளி பொடிப் பொடியா, கரு பூரா எறைச்சு உட்ட மாதிரி. இதுல நடுத்தரம், ஓரமா ஒட்டிக் கெடக்குது. இதுல பெருசு பெருசா, அப்பி வெச்ச மாதிரி. மூணையும் ஒண்ணாக் கொட்டிச் செக் பண்ணுனா சூப்பர்வைசர் வெரட்டி உட்ருவாரு."

"நீங்கதானுங்க சூப்பர்வைசரு!"

"அதனாலதான் சொல்றேன்."

எனக்கு அழுகை முட்டியது. நூற்றிருபது படம், மை, தாள், ஒரு சனிக்கிழமை! "உங்களை ஆரு சைஸ் பாக்கச் சொன்னது? எல்லாம் போச்சு! இனி திங்கக்கிழமை என்னத்தைக் கொண்டுட்டுப் போவேன்?" என்று கத்தினேன். மித்ரா, "அம்மா, நைன்ங்க" என்று கை நீட்டித் தடுத்தாள். அவர் மட்டும் அசையாமல், "கத்தறதுக்கு முன்னால திருப்பியாச்சும் பாரு" என்றார்.

பட்டியலை எடுத்துக்கொண்டு மண்டியிட்டேன். பொடிப்புள்ளி வரிசையில் ரிஜெக்ட் குவியலைத் திருப்பினேன். அத்தனையும் கொக்கி வெட்டியவை. பாஸ் குவியல், அத்தனையும் கொக்கி உள்ளவை. ஒன்றுகூட இடம் மாறவில்லை. நடு வரிசையில் கொஞ்சம் அப்படியும் இப்படியும். பெரிய புள்ளி வரிசைக்கு வந்தேன். அங்கே ரிஜெக்ட்டில் இரண்டே தாள்கள். "அது ரெண்டும் மங்கலா அடிச்சிருக்குது, அதான்" என்றார். மற்றவை எல்லாம் பாஸ். கொக்கி உள்ளவையும் பாஸ், கொக்கி இல்லாதவையும் பாஸ்.

சிவப்புப் புள்ளியின் அளவு சும்மா வருவதில்லை. எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. நகல் வேலை தொடங்கும்போது புள்ளிகள் பொடியாக இருக்கும். நடுவில் ஓரங்களுக்கு நகரும். முடியப் போகும் நேரத்தில், டி.என்.ஏ இறுக்கமாகச் சுருண்டு கிடக்கும் இடங்களில் பெரிய பெரிய திட்டுகளாகத் தெரியும். அப்படியென்றால் கொக்கி இல்லாத நொதி காலை ஷிப்ட்டில் வருவதில்லை, கடைசி ஷிப்ட்டில் வருகிறது. அந்த இறுக்கமான இடங்களைப் பிடிக்க அதற்கு வேறு ஒரு கை இருக்கிறது!

எனக்கு இதெல்லாம் பாடமாகத் தெரியும். ஆனால் கொக்கி உண்டா இல்லையா என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு எல்லா நேரத்துச் செல்களையும் ஒரே குவியலில் கொட்டி எண்ணியிருக்கிறேன். முதல் முறை, பார்க்க அழகாக இருக்கின்றன என்று பெரிய புள்ளிச் செல்களையே தேடித்தேடிப் படம் எடுத்தேன். இரண்டாம் முறை, நியாயமாக நடக்க வேண்டும் என்று அவற்றை ஒதுக்கினேன். மூன்றாம் முறை இரண்டும் கலந்துபோயின. விடை ஆடாமல் என்ன செய்யும்? குழாய் எதுவும் மாறவில்லை. சைஸ்தான் கலந்திருந்தது.

கத்தியதும் அழுததும் முடிந்து சிரிப்பு வந்தது அப்போதுதான். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். மித்ரா எங்கள் இருவர் மேலும் ஏறிப் படுத்தாள். சாம்பார் தீய்ந்த வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை வெள்ளகோவிலிலிருந்து மாமியார் பேசினார். "பையன் என்ன பண்றான்?"

"படத்தையெல்லாம் செக் பண்ணிக் குடுத்தாருங்க அத்தை."

"அங்க போயும் செக்கிங்தானா? அதுக்கு எதுக்கு ஏரோப்ளேன் ஏறுனீங்க?"

7

திங்கட்கிழமை பேராசிரியர் ஆறு குவியல்களையும் மேசைமேல் பரப்பி வெகுநேரம் பார்த்தார்.

"யார் பிரித்தது?"

"என் கணவர் பிட்டே."

"உயிரியல் படித்தவரா?"

"பி.காம். பனியன் கம்பெனி." இதைச் சொல்லும்போதே அனுமதி இல்லாத அந்த வரி ஞாபகம் வந்து, "சம்பளம் எதுவும் கொடுக்கவில்லை, சாம்பார்கூடத் தீய்ந்துவிட்டது" என்று உளறினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். பிறகு அவர் சொன்னது எனக்குச் சிரிப்பாக இல்லை.

"அழகாக இருக்கிறது. ஆனால் இவை நூற்றிருபது வேறு வேறு செல்கள். பொடிப்புள்ளி ஒரு செல், பெரிய புள்ளி இன்னொரு செல். இடையில் நடந்ததை நீ ஊகிக்கிறாய். ஒரே செல்லைக் காட்டு. கொக்கி வெட்டிய நொதி, தொடக்கத்தில் இல்லாமல் இருந்து, கடைசியில் வந்து சேர்வதை ஒரே செல்லில் எனக்குக் காட்டு. அடுத்த வாரப் புதன்கிழமைக்குள் காட்டினால் எழுதுகிறேன்."

அதற்குள் மைக்ராஸ்கோப் வரும் ஞாயிறு மட்டும்தான் காலி. அதாவது ஒரு பகல், ஒரு செல், ஒரே வாய்ப்பு.

8

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போனேன். கதகதப்பான பெட்டிக்குள் உயிரோடு இருக்கும் செல்களில், பொடிச் சிவப்புப் புள்ளிகள் நிறைந்த ஒன்றைத் தேடிப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அதில் பச்சை ஒளி பால் ஊற்றியது போலக் கரு முழுக்கப் பரவியிருந்தது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைத்தேன். ஒவ்வொரு தடவை ஒளி பாயும்போதும் செல்லுக்கு வலிக்கும். அடிக்கடி எடுத்தால் செத்துவிடும், குறைவாக எடுத்தால் நடந்தது தெரியாது. பதினைந்து சரியா, இருபது வைத்திருக்கலாமோ என்று முதல் மூன்று படம் வரை தவித்தேன்.

பள்ளி கிடையாது என்பதால் பதினோரு மணிக்கு இவரும் மித்ராவும் வந்தார்கள். காபி அறை வரை குழந்தை வரலாம் என்று பேராசிரியரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன். மைக்ராஸ்கோப் அறைக்குப் பக்கத்து அறைதான் அது. கணவர் உள்ளே வரலாமா என்று கேட்க மறந்துவிட்டேன். அவர் வாசற்படியில் நாற்காலி போட்டு, ஒரு கண் மகள்மேலும் ஒரு கண் திரைமேலுமாக உட்கார்ந்தார். அவர் கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குச் செல் நகர ஆரம்பித்தது. தசைச் செல்லின் முன்னோடி அது, ஊர்ந்துகொண்டே இருக்கும். படத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது.

"அம்மிணி, ஊட்ட உட்டுப் போகுது பாரு!"

"தெரியுதுங்க, பேசாதீங்க!" மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மணிக்குச் சிவப்புப் புள்ளிகள் ஓரங்களுக்கு நகர்ந்தன. பச்சை அப்படியே பரவிக் கிடந்தது. மூன்று மணிக்குச் செல் கொஞ்சம் சுருங்கிய மாதிரி தெரிந்தது.

"செத்துப் போச்சுங்களா?"

"எனக்கென்ன தெரியும்?"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க!"

"உருண்டையாகலை. சாகற செல்லு உருண்டையாயிரும்னு நீதான சொன்ன?"

மித்ரா காபி அறை சோபாவில் தூங்கிவிட்டாள். நாங்கள் சாப்பிடவில்லை. மூன்றரைக்குச் சிவப்பு திட்டுத் திட்டாகப் பெருக்க ஆரம்பித்தது. பச்சை அசையவில்லை. அப்போது என் மனதில் எல்லாம் ஓடி முடிந்தது. பெட்டிகளை எந்தக் கடையில் வாங்குவது, மித்ராவை ஊரில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது, இவர் பழைய கம்பெனியில் கேட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா. நூற்றிருபது படங்களும் தற்செயல்தான், நான் ஆசைப்பட்டதைத்தான் பார்த்திருக்கிறேன் என்றுகூட முடிவுகட்டிவிட்டேன்.

நாலேகாலுக்கு வந்த முப்பதாவது படத்தில், ஒரு சிவப்புத் திட்டுக்கு நேராக, பச்சைப் பாலுக்குள் லேசாக ஒரு கட்டி. கண்ணைக் கசக்கினேன். கையை ஆட்டி இவரைக் கூப்பிட்டேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே வந்துவிட்டார். நான் தடுக்கவில்லை. பதினைந்து நிமிடம் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். நாலரைக்கு அடுத்த படத்தின் வரிகள் மேலிருந்து ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. ஒரு பச்சைத் திட்டு. இரண்டு. ஐந்து. ஒவ்வொன்றும் சிவப்பு இருந்த அதே இடத்தில். யாரும் அழைத்து வராமல், கொக்கியும் இல்லாமல், சுற்றிக்கொண்டே இருந்த நொதி வந்து சேர்ந்துவிட்டது.

குழந்தை தூங்குகிறது, கத்த முடியாது. அதனால் குதித்தோம். அந்த இருட்டு அறையில் நான் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, கல்யாணத்தன்றுகூடக் குதிக்காத குதி குதித்தேன். அவரும் குதித்தார். படத்தின் கடைசிப் பாதி இன்னும் எடுத்து முடியவில்லை என்பதை இருவருமே மறந்துபோனோம். அவர் முழங்கால் மைக்ராஸ்கோப் மேசையில் பலமாக இடித்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். செல் இருந்தது. மங்கலாகியிருந்த குவியத்தைச் சரிசெய்தேன். முப்பத்திரண்டாவது படம் பளிச்சென்று வந்தது. அதில் பச்சைத் திட்டுகள் இன்னும் கூடியிருந்தன.

மறுநாள் பேராசிரியர் அந்தப் படத்தை ஓடவிட்டுப் பார்த்தார். பொடிப் புள்ளிகள், ஓரங்கள், திட்டுகள், பச்சையின் வருகை. முப்பத்தொன்றில் நிறுத்தினார். மேல்பாதி தெளிவாக இருந்தது. கீழ்ப்பாதி நில அதிர்ச்சி வந்த மாதிரி கோடு கோடாகக் கலைந்திருந்தது.

"இது என்ன? இயந்திரக் கோளாறா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். கணவரைக் கேட்காமல் அறைக்குள் விட்ட விஷயமும் சேர்ந்து வெளியே வருமே என்று பயந்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"இல்லை பிட்டே. நாங்கள் குதித்தோம்."

"நாங்கள் என்றால்?"

"நானும் என் கணவரும்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து, இன்னும் இரண்டு வருடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினார். கலைந்த அந்த ஒரு படத்தை வெட்டி எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார். "நொதி வந்து சேர்ந்த நேரம் அதில்தான் பதிவாகியிருக்கிறது."